பாண்டிச்செல்வியின் மணல் வாளி

சிவகாசியில் யாராவது தாய்லாந்து ஹோட்டல் வைப்பார்களா? கதிரவன் வைத்தான், அதுவும் என் அட்டைப்பெட்டிக் கடைக்குப் பக்கத்திலேயே. "பரோட்டா சால்னா திங்கிற ஊருல இதை எவன்லே திம்பான்?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன். அவன் சிரித்தபடி மனைவி பாண்டிச்செல்வியைக் கைகாட்டினான். "எல்லாம் இவ பிடிவாதம், பாய்."

பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் அவளும் தங்கை கருப்பம்மாளும் வேலை பார்த்தார்கள். ஒருநாள் இவள் தண்ணீர் குடிக்க வெளியே வந்த நேரம், தங்கை இருந்த அறை வெடித்தது. வாசலில் இருந்த மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாங்காக்கில் சமையல் வேலையில் இருந்த கதிரவன் வந்து சேர்ந்ததும் அவள் சொன்னது இதுதான்: "இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன். நீங்களும் போகாதீக. பாங்காக்குல செஞ்ச சமையலை இங்கன செய்யுங்க."

அந்தக் கடைக்கு உயிரே அவள்தான். இந்தக் கரிசல் மண்ணில் எலுமிச்சைப்புல்லை வளர்த்துக் காட்டினாள். மிளகாயையும் பூண்டையும் அவளே உரலில் இடித்தாள். புளியும் கருப்பட்டியும் சேர்த்த நூடுல்ஸை முதலில் எனக்குத்தான் கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது, வாய் திறந்து சொன்னால் குறைந்தா போவேன்? சொல்லவில்லை.

திறப்பு நாளன்று கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நின்று கதிரவன் வாணலியைச் சாய்த்தான். தீ குபீரென்று எழும்பியது. அந்தச் சமையலுக்குத் தீ உள்ளே ஏறினால்தான் ருசியாம். பாண்டிச்செல்வி மூலையிலிருந்த சிவப்பு வாளியை எடுத்து, மணலை அப்படியே வாணலியில் கொட்டிவிட்டாள். வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். இங்கே யாரும் சிரிக்கவில்லை. பாதிப்பேர் அதற்குள் வாசலுக்கு ஓடி வந்திருந்தோம்.

அதன்பிறகு அவன் சின்னத் தீயில் சமைத்தான். நூடுல்ஸ் குழைந்து கூழாகிவிடும். பட்டாசு ஆர்டர் கொடுக்க வரும் வெளியூர் வியாபாரிகள் ஒருதரம் சாப்பிட்டதோடு சரி. கடையை மூடும் நிலை வந்தது. "கொஞ்ச நாள் வீட்டுல இரு" என்று அவளிடம் சொன்னான். வீடு கடைக்கு மேல்தான். மறுபடி பெரிய தீ வைத்த அன்றைக்கே, வாடை மாடியேறியதும் வாளியோடு படியிறங்கி வந்துவிட்டாள். கதிரவன் வாணலியைக் கீழே வைத்துவிட்டு அழுதான்.

அடுத்த வாரம் காலையில் கடை திறக்கிறேன், பட்டாசு ஆலை வேனுக்காகக் கையில் தூக்குவாளியோடு நிற்கிறாள்.

"எங்கன தாயி?"

"பயராபீசுக்கு, பாய். அச்சங்குளத்துல."

பட்டாசு ஆலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கிறுக்கா புடிச்சிருக்கு? போக மாட்டேன்னு சொன்னவ நீதான?"

"நான் இங்கன இருந்தா அவுக தீயை ஏத்த முடியாது. கடை போயிருச்சுன்னா அவுகளும் அங்கதான வரணும்?"

"அங்கன உனக்குப் பயமா இருக்காதா?"

"தீப்பெட்டியக்கூட உள்ள விட மாட்டாக, பாய். நாள் பூரா தீயே கண்ணுல படாது."

வேன் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

இப்போது கடையில் உட்கார இடமில்லை. தீ எழும்பும்போது வெளியூர்க்காரர்கள் செல்போனில் படம் பிடிக்கிறார்கள். கதிரவன் மட்டும் அதைப் பார்ப்பதில்லை. சாயங்காலம் வேன் வந்து நிற்கிறவரை தெருவைப் பார்த்தபடிதான் சமைக்கிறான்.