காதுகளை வைத்திருக்கவும்

சலூன்காரர் கத்திக்குப் பயப்படாதவர். ஆனால் கத்தாத மகளைக் கண்டால் அவருக்குப் பயம். பதினோரு நாளாக அந்த வீட்டில் "அப்பா" என்ற சொல்லே கேட்கவில்லை. சாப்பிடக் கூப்பிடுவதென்றாலும் மகள் சுவரைப் பார்த்து, "சாப்பாடு ஆறுது" என்பாள். சுவர் எழுந்து வராது. இவர்தான் வருவார்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு மீசை.

மூன்று நாற்காலி போட்ட கடை. அதில் ஒன்று சுற்றாது. இருபத்திரண்டு வருஷமாக அவர் மற்ற இரண்டைச் சுற்றவைத்துக் குடும்பத்தை ஓட்டுகிறார். "இந்த மாதிரி வெட்டினா பசங்க வருவாங்கப்பா" என்று மகள்தான் தன் கொரியா பாட்டுக்காரன் போஸ்டரைக் கொண்டுவந்து கண்ணாடிப் பக்கத்தில் ஒட்டினாள். பையன்களும் வந்தார்கள். ஆனால் தினமும் கடை திறந்ததும் அந்த வழவழ முகம் இவரை என்னவோ செய்தது. மீசை திருத்துகிற கடையில் மீசையில்லாமல் ஒருவன் சிரிப்பது, செருப்புக் கடை வாசலில் பொம்மை வெறுங்காலோடு நிற்கிற மாதிரி இருந்தது. ஒரு மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் புருவப் பென்சிலை எடுத்து, அவனுக்கு ஒரு முறுக்கு மீசை வரைந்துவிட்டார். மீசை நன்றாகவே வந்துவிட்டது. மகளுக்கு அதுதான் இன்னும் கோபம்.

போஸ்டரைப் பார்த்துப் பேசுவதற்கென்றே கடையில் இரண்டு பேர் உண்டு. ஒருவர் பக்கத்துக் கடைத் தையல்காரர். மனைவியோடு கொரியா நாடகம் பார்த்துப் பார்த்து, அந்த ஊரைச் சொர்க்கத்தின் கிளை அலுவலகம் என்று நம்பியவர். இன்னொருவர் 'உலகம்'. எதைச் சொன்னாலும் "உலகத்துல என்ன நடக்குதுன்னா" என்று ஆரம்பிப்பதால் வந்த பெயர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பேச்சிலிருந்து ஓய்வு பெறாதவர்.

"அங்க புருஷன் பொண்டாட்டிக்கு ஷூ லேஸ் கட்டி விடுவான், தெரியுமா?" என்பார் தையல்காரர்.

"கட்டுவான், கட்டுவான். உலகத்துல என்ன நடக்குதுன்னா, அங்க எவனும் தூங்கறதே இல்ல. சின்னப் பசங்க பரீட்சைக்குப் படிச்சே பாதியாயிடுறாங்க. மூக்கு கூட அங்க பாதிப் பேருக்குச் சொந்த மூக்கு இல்லயாம்."

இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம்தான் அசல் கொரியாக்காரர் ஒருவர் கடைக்குள் நுழைந்தார். தெருக்கோடித் தொழிற்சாலையில் மெஷின் மாட்ட வந்தவர். ஐம்பது வயது, நல்ல தொப்பை, சட்டைப் பையில் கிரீஸ் கறை. போஸ்டருக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது மீசை இல்லாதது ஒன்றுதான். இப்போது அதுவும் இல்லை.

அவர் குனிந்து வணக்கம் சொன்னார். சலூன்காரர் விடுவாரா? அதைவிடத் தாழ்வாகக் குனிந்தார். மரியாதைக்கு அவர் மறுபடி குனிய, இவரும் குனிய, தையல்காரர் ஆசையில் நடுவில் வந்து குனிய, மூன்று தலையும் முட்டிக்கொள்ளாமல் போனது அதிர்ஷ்டம்.

வந்தவர் தன் போனிடம் ஏதோ சொன்னார். போன் செய்தி வாசிக்கிற அம்மா குரலில் தமிழில் சொன்னது: "முடியைச் சிறிது வெட்டவும். காதுகளை வைத்திருக்கவும்."

"வைக்கிறேங்க, ரெண்டையுமே வைக்கிறேன்" என்றார் சலூன்காரர். அவர் மனசு வேறு கணக்குப் போட்டது. இந்த மனுஷன் கையால் மகள் பெயரைக் கொரியா எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போனால், சுவரைப் பார்க்கிற மகள் ஒருவேளை இவரைப் பார்ப்பாள்.

முடி வெட்டி முடியும்வரை மற்ற இருவருக்கும் வந்தவர் மூக்குதான் பேச்சு.

"ஒரிஜினல் மாதிரிதான் தெரியுது" என்றார் தையல்காரர்.

"உனக்கென்ன தெரியும்? துணி வேற, மூக்கு வேற. லேசா அழுத்திப் பாருப்பா."

சலூன்காரர் பவுடர் போடுகிற சாக்கில் அழுத்தினார். "நம்ம மூக்கு மாதிரிதான் இருக்கு."

"அதுதான் ஆபத்து. நல்ல டாக்டர் போல."

முடி வெட்டி முடிந்ததும் வழக்கம்போல ஒரு கை தாடையிலும் ஒரு கை உச்சியிலும் வைத்து, கழுத்தில் சடக்கென்று நெட்டி முறித்தார்.

"ஓம்மா!" என்று அலறினார் வந்தவர்.

அந்த ஊரிலும் வலித்தால் கூப்பிடுவது அம்மாவைத்தான், சொல்லும் ஏறக்குறைய அதேதான் என்பது கடையில் ஒருவருக்கும் தெரியாது.

"ஐயோ, ஆளுக்குத் தமிழ் தெரியும்!" என்று முனகினார் உலகம்.

"அப்ப எதுக்கு போன்?" என்றார் தையல்காரர்.

"ஆழம் பாத்திருக்கான்யா! மூக்கப் பத்திப் பேசினது அத்தனையும் கேட்டிருக்கான்!"

உலகம் அந்த நிமிஷமே செய்தித்தாளுக்குள் ஒளிந்துகொண்டார். தாள் தலைகீழாக இருந்தது. சலூன்காரருக்கோ வேறு பயம். எதிரிலேயே முறுக்கு மீசையோடு போஸ்டர் நிற்கிறது. இவர் கோபித்துக்கொண்டு போய்விட்டால் மகள் பெயரை யார் எழுதித் தருவது? தாடைக்கு நுரை தடவிக்கொண்டே மெல்ல ஆரம்பித்தார்.

"அண்ணே, மன்னிச்சிடுங்க. அந்தப் படத்துல மீசை வரைஞ்சது யாருன்னா..."

"நே, நே" என்று தலையாட்டினார் வந்தவர். அவர்கள் பாஷையில் அது வெறும் 'சரி, சரி'. சலூன்காரர் காதில் அது 'நீ, நீ' என்று விழுந்தது.

"ஆமாங்க, நான்தான்! எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"நே."

"நான்தான், நான்தான். அதுக்காகத்தான் எம்பொண்ணு பதினோரு நாளா என்கிட்ட பேசல. தெரியாம செஞ்சிட்டேன். அவ பேர மட்டும் உங்க எழுத்துல..."

ஒரு கையால் காகிதத்தை நீட்டினார்; மறு கையில் கத்தி கிருதாவுக்குப் பக்கத்தில் இருந்தது. வாசலில் பள்ளிக்கூடப் பை தொப்பென்று விழுந்தது.

"அப்பா! அந்த மீசைய அழிச்சியா இல்லியா?"

இரண்டு தலைகள் திரும்பின. ஒன்று சலூன்காரருடையது. இன்னொன்று கத்திக்குக் கீழே இருந்த தலை. அது திரும்பிய வேகத்தில் ஒரு பக்கக் கிருதா முழுசாகப் போய்விட்டது. அதை அவர் கவனிக்கவே இல்லை. முகமெல்லாம் நுரையோடு, எதையோ தேடுகிறவர் மாதிரி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய கை தானாகப் போனை எடுத்தது. அதில் மகள் வயசில் ஒரு பெண், சீருடையில், தூக்கம் வழியும் கண்ணோடு. தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "அப்பா" என்றார். பிறகு போனிடம் ஏதோ சொன்னார். செய்தி அம்மா வாசித்தார்: "இரண்டு மாதம். என்னை அப்படி யாரும் அழைக்கவில்லை."

தையல்காரர் மூக்கை உறிஞ்சினார். உலகம் தலைகீழ்த் தாளை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"அவங்க பாஷைலயும் அப்பாவுக்கு அப்பாதான்ப்பா. இதுகூடத் தெரியாதா?" என்றாள் மகள்.

"தெரியாது தாயி" என்றார் சலூன்காரர். பதினோரு நாள் பாக்கிக்கு இரண்டு அப்பா வந்துவிட்ட சந்தோஷத்தில், எழுதி வாங்க நினைத்த காகிதத்தைக் காலடியில் போட்டுவிட்டார்.

அப்போதுதான் வந்தவர் போஸ்டரைச் சரியாகப் பார்த்தார். பார்த்தவர் வயிறு குலுங்கச் சிரித்தார். போஸ்டரைக் காட்டி, தன் மேலுதட்டைக் காட்டி, போனில் இருந்த பெண்ணைக் காட்டினார். தனக்கும் மீசை வேண்டுமாம், படம் பிடித்து மகளுக்கு அனுப்ப.

சலூன்காரர் பென்சிலை எடுத்தார். மகள் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீ முதல்ல அந்தப் பக்கக் கிருதாவையும் எடுத்துச் சமமாக்கு. மீசைய நான் வரையறேன்."

அவள் ஒரு கையால் அந்த மனுஷனின் முகத்தைப் பிடித்துக்கொண்டு, நாக்கை லேசாகக் கடித்தபடி வரைந்தாள். செய்தித்தாளுக்கு மேலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

"பாப்பா, அப்படியே அந்த மூக்கையும் கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."