சக்கரத்துக்கு வைத்த எலுமிச்சம்பழம்

மின்சார ரயிலில் யார் பையிலிருந்தோ எலுமிச்சை வாசம் வந்தாலே என் உள்ளங்கை இறுகிக்கொள்ளும். மலாயாவில் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில், கோல சிலாங்கூர் பக்கத்து எங்கள் தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் சின்ன ரயிலை ஓட்டியவர் அப்பா. தண்டவாளத்தில் கண்ணிவெடி இருக்குமோ என்று முன்னால் ஒரு காலிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டுதான் போவார். எங்கள் குடியிருப்பைச் சுற்றிப் போட்ட கம்பிவேலிக்கு வெளியே நிற்கும் அந்த ரயிலின் சக்கரத்தடியில் தினமும் அம்மா எலுமிச்சம்பழம் வைப்பாள். அது பட்டென்று நசுங்கினால்தான் அவளுக்கு மூச்சே வரும்.

ஒருநாள் கேட்டில் புதுக் காவலர் தடுத்தார்.

"சாப்பாட்டு சாமான் வேலி தாண்டக்கூடாதுலா. காட்டுல இருக்கிறவனுக்குப் போயிரும்."

"இது சக்கரத்துக்குய்யா, திங்கிறதுக்கில்ல."

அவர் அசையவில்லை. பழம் அம்மா கையிலேயே இருக்க, ரயில் போய்விட்டது.

அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. சாயங்காலம் ரயிலின் ஊதல் கேட்ட பிறகுதான் அம்மா கையை விரித்தாள்.

பழம் நசுங்கியிருந்தது.