கோலப் பொத்தானும் பாம்பு எழுத்தும்

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி பெரியகருப்பன் இடது கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பலகையில் ஊன்றி ஒரு அமுக்கு அமுக்குகிறார். ஆத்தூர்ப் பக்கம் மழை பெய்ததாம், ஒரு அமுக்கு. எவன் மகளுக்கோ வரன் கூடிவிட்டதாம், இன்னொரு அமுக்கு. கெட்ட சேதிக்கு விரல் அசையாது. திண்டுக்கல் நாகல் நகரில் இந்தப் பழக்கம் தெரியாதவர் இல்லை. வெளியூர்க்காரன்தான் கைவாதம் என்று நினைத்துப் பரிதாபப்படுவான்.

வாதமில்லை, தொழில். அவருடைய ஆப்பிள் கம்ப்யூட்டரின் கீபோர்டில் நாலு மூலையிலும் சுழி போட்ட பொத்தான் ஒன்று இருக்கிறது. இங்கிலீஷ் தெரியாத பெரியகருப்பன் அதற்குக் கோலப் பொத்தான் என்று பெயர் வைத்துவிட்டார். அதையும், 'எஸ்' என்று நெளிந்து கிடக்கும் பாம்பு எழுத்தையும் ஒருசேர அமுக்கினால், திரையில் வரைந்தது பிளாப்பியில் பதிந்துகொள்ளும். அமுக்காவிட்டால் கரண்ட் போகும்போது படமும் கூடவே போகும். நம் ஊரில் கரண்ட் போவதற்கு நேரம் காலம் உண்டா? ஒரு காலைப்பொழுது முழுக்க இழைத்த மயில் பார்டர் அப்படித்தான் போனது. "மயிலு பறந்துருச்சு அங்கம்மா" என்று மனைவியிடம் சொன்னவர், அன்றிலிருந்து விரலைச் சும்மா வைத்ததில்லை.

ஆள் குட்டை. முழங்காலுக்கு மேல் மடித்த வேட்டி, நகக்கண்ணில் இன்னும் போகாத நீலச் சாயம். படிப்பு மூணாங்கிளாஸ். சின்னாளபட்டிச் சாயப்பட்டறையில் தொட்டி கழுவப் போனவர், சுங்குடிச் சேலைக்கு டிசைன் போடுகிறவராக எழுந்து நின்றார். யார் தோளிலும் ஏறி நின்றதில்லை. கட்டத்தாளில் அவர் மையிட்ட புள்ளிதான் மரத்தில் அச்சாகும். அச்சு மெழுகில் தோய்ந்து துணியில் விழும். மெழுகு விழுந்த இடத்தில் சாயம் ஏறாது. வெள்ளைப் புள்ளி நிற்கும்.

மெட்ராஸில் ஒரு பொருட்காட்சிக்குப் போனபோது ஆப்பிள் கம்பெனியின் மெக்கின்டாஷ் திரையில் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்கள். கூட்டம் படத்தைப் பார்த்தது. பெரியகருப்பன் படத்துக்குள் இருந்த கட்டங்களைப் பார்த்தார். "அட, நம்ம கட்டத்தாளுக்குள்ள லைட்டப் போட்டு வச்சிருக்கான்யா!"

ஊருக்கு வந்ததும் ஆத்தூர்த் தென்னந்தோப்பை விற்றார். பம்பாய் போய்ப் பெட்டியை வாங்கி, ரயிலில் பிள்ளையைப் போல மடியில் வைத்துக் கொண்டுவந்தார். மதுரைக்காரனுக்கே வராத துணிச்சல்! ஆனால் சொந்தபந்தம் சும்மா இருக்குமா? வத்தலக்குண்டில் பழ மண்டி வைத்திருக்கும் அங்கம்மாளின் தம்பி சோலைமுத்து, பந்தியில் நாலு பேர் முன்னால் கேட்டான்: "ஆப்பிள்தான் வேணும்னா என்கிட்டச் சொல்லிருக்கலாமே மச்சான்? தோப்பு வித்த காசுக்கு லாரியோட எறக்கிருப்பேனே!" பந்தி முழுக்கச் சிரித்தது. அந்த வாரமே ஊர் அவருக்குத் 'தோப்புத்தின்னி' என்று பெயர் சூட்டியது. பெயர் நிலைக்குமா, உதிருமா என்பது அவர் கையிலிருந்த மவுஸில்தான் இருந்தது.

அவரா அசருகிறவர்! ஞாயிறுதோறும் ஆனந்த்ராஜ் வாத்தியார் வீட்டுக்குப் போய்விடுவார். பம்பாய்க் கடைக்காரர் தபாலில் அனுப்பும் பழைய அமெரிக்கப் பத்திரிகைகளை வாத்தியார் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொள்வார். திங்கட்கிழமை டீக்கடையில் செய்தி வாசிப்பு: "கலர்த் திரை போட்ட பெட்டி வந்துருச்சு, தெரியுமா? நம்ம ஊருக்கு மெதுவா வரட்டும். சாயந்தான் நம்மகிட்ட இருக்கே."

பூட்டு வியாபாரி, புகையிலை வியாபாரி, கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவர் என்று யார் வந்தாலும் ஆலோசனை இலவசம். "கணக்கு மட்டும் பாக்கணுமா? வேற பெட்டி சல்லிசாக் கிடைக்கும், அத வாங்கு. படமும் எழுத்தும் போட்டுப் பொழைக்கிறவனுக்குத்தான் ஆப்பிளு. ஒரு பிளாப்பி கடையில, அதுக்கு நகலு வீட்ல. பெட்டிக்கு முன்னாடி ஸ்டெபிலைசர வாங்கு. முறுக்குத் தின்ன கையோட மவுஸத் தொட்டேன்னு வையி, கைய ஒடிச்சிருவேன்."

எண்பத்தெட்டு ஆடியில் முகமது பாரூக் அவர் பட்டறைக்கு வந்தார். சுங்குடி மொத்த வியாபாரத்தில் பெரிய கை. அவர் தலையாட்டிய டிசைனைத்தான் மற்ற கடைக்காரர்கள் தேடுவார்கள். அன்று அவர் உதட்டைப் பிதுக்கினால், தோப்புத்தின்னி என்ற பெயரோடுதான் பெரியகருப்பன் காடு போய்ச் சேர வேண்டும்.

திரையில் தாழம்பூ பார்டர். வெள்ளையில் கறுப்புப் புள்ளிகள். பாரூக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இதத்தானண்ணே கட்டத்தாள்லயும் பாத்துக்கிட்டிருக்கேன். சாயத்துல முக்கி எடுத்தாத்தான சேலையோட மொகம் தெரியும்?"

"முக்கிருவமா பாய்?"

மவுஸை நகர்த்தி ஒரு சொடுக்கு. கறுப்பு வெள்ளையாகி, வெள்ளை கறுப்பானது. இருண்ட சேலைமேல் தாழம்பூக்கள் பளீரென்று பூத்தன. பாரூக் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். பெரியகருப்பன் விடவில்லை. புள்ளியைப் பெரிதாக்கினார், இடைவெளியைக் குறைத்தார், பூவைத் திருப்பிப் போட்டார். வாய் ஓயாமல் பெருமை பேசிக்கொண்டிருந்தது.

பொட்டென்று கரண்ட் போனது.

திரை அம்மிக்கல்லாகக் கிடந்தது. பாரூக் சிரித்துவிட்டார். "என்னண்ணே, கரண்டு போனா சேலையும் போச்சாக்கும்? எம்புட்டு நேரம் கரண்டு போனாலும் என் கட்டத்தாளு பீரோவுல இருக்குமே!"

பெரியகருப்பன் தன் இடது கை விரல்களைப் பார்த்தார். பேச்சு மும்முரத்தில் அமுக்கினோமா, இல்லையா? எத்தனை யோசித்தும் ஞாபகம் வரவில்லை. காப்பி கொண்டுவந்த அங்கம்மாள் டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னாள்: "தூக்கத்துல என் கையவே அமுக்குற மனுசன். முழிச்சிருக்கயில விட்டிருப்பீகளாக்கும்? செத்த நேரம் பொறுங்க பாய், காப்பியக் குடிங்க."

காப்பி தீர்ந்து, பாரூக் செருப்பை மாட்டும்போது மின்விசிறி முனகியது. பெட்டி மணியடித்தது. பெட்டி முழிக்கும்போதெல்லாம் வரும் சிரித்த முகம் திரையில் வந்தது. வழக்கமாக அதற்கொரு கும்பிடு போடுகிற பெரியகருப்பன் அன்று அதையும் மறந்தார். மவுஸைப் பிடித்துப் படத்தைத் திறந்தார்.

இருண்ட சேலை. வெள்ளைத் தாழம்பூ. கடைசியாகத் திருப்பிப் போட்ட பூவும் திருப்பியபடியே இருந்தது. வாய் பேசிக்கொண்டிருந்தபோது விரல் தன் வேலையைப் பார்த்திருக்கிறது!

பாரூக் செருப்பை மறுபடி கழற்றினார். உட்கார்ந்தார். திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"தீபாவளிக்கு நான் எறக்குற அம்புட்டுச் சேலைக்கும் ஒங்க பார்டர்தாண்ணே. இந்தாங்க, வாக்கு."

நீட்டிய கையை வலது கையால் பிடித்துக்கொண்ட பெரியகருப்பன், இடது கையைக் கொண்டுவந்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பாரூக்கின் புறங்கைமேல் ஊன்றி ஒரு அமுக்கு அமுக்கினார்.