அழிக்காமல் வைத்த செய்திகள்

பல்கலைக்கழகத்தில் இணையப் பாதுகாப்பும் டிஜிட்டல் தடயவியலும் படித்த மூன்றாம் வருடத்தில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், என் சிநேகிதி சுன்னாகத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். உயர்தரப் பரீட்சைக்கு என்னோடு ஒன்றாக ரியூசன் படித்தவள். குருநகரில் வீடு; தகப்பன் கடற்றொழிலாளி. அவள் அப்போது ஒரு முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். அம்மா கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் போனை நீட்டினாள்.

தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து வட்ஸ்அப்பில் அவளுடைய படங்கள் வந்திருந்தன. அக்காவின் கல்யாணத்தன்று உடுப்பு மாற்றும்போது பெண்கள் தங்களுக்குள் விளையாட்டாக எடுத்தவை. வீடியோ அழைப்பில் வராவிட்டால் எல்லாருக்கும் அனுப்புவேன் என்று கீழே எழுதியிருந்தது.

"உதெல்லாத்தையும் அழிச்சுப்போட்டு சிம்மைக் கடலுக்கை எறியப்போறன்," என்றாள்.

"அழிக்காதை. உதுதான் எங்களிட்டை இருக்கிற சாட்சி."

வகுப்பில் பயிற்சிக்குத் தரும் போன்களில் இருக்கும் செய்திகளை விரிவுரையாளர்களே எழுதி வைத்திருப்பார்கள். இது அப்படியல்ல. இலக்கமும் நேரமும் தெரியும்படி ஒவ்வொரு செய்தியையும் என் போனால் படம் எடுத்தேன். அவளுடைய படங்கள் வந்த இடங்களை அவள் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாள். கையை எடு என்று நான் சொல்லவில்லை.

"இந்தப் படங்களை ஆருக்காவது அனுப்பினனியோ?"

"ஒருத்தருக்கும் இல்லை. என்ரை போனிலை மட்டும்தான்."

"போனை ஆரிட்டையாவது குடுத்தனியோ?"

யோசித்தாள். "ஸ்கிரீன் உடைஞ்சு யாழ்ப்பாணம் ரவுணிலை ஒரு கடையிலை திருத்தக் குடுத்தனான். லொக் நம்பரையும் கேட்டவங்கள்."

நேரே அந்தக் கடைக்குப் போய்க் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. கேட்டால் படங்களை எடுத்தவன் தன்னிடம் இருப்பதை அழித்துவிடுவான் என்று அடக்கிக்கொண்டேன். பொலிஸுக்குப் போக அவள் சம்மதித்தாள். தகப்பனுக்குச் சொல்லத்தான் பயந்தாள். "அப்பா இனி என்னை வேலைக்கும் விடமாட்டார்."

பின்னேரம் இருவரும் குருநகருக்குப் போனோம். தகப்பன் முற்றத்தில் படகு எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் நிலத்தைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள்.

"எப்பவிருந்து?" என்று மட்டும் கேட்டார்.

"போன கிழமையிலையிருந்து."

"ஒரு கிழமையா இதைத் தனிய வைச்சிருந்தனியோ, பிள்ளை?"

கையைக் கழுவிவிட்டு உள்ளே போனவர், சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். "வெளிக்கிடு. நானும் வாறன்."

பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டை எழுதிய பெண் உத்தியோகத்தர், "இப்பிடியான படங்களை ஏன் எடுத்தனீங்கள்?" என்று கேட்டார். அவள் தலை குனிந்தாள்.

"அது எங்கடை வீட்டுக்குள்ளை பிள்ளையள் எடுத்தது," என்றார் தகப்பன், குரலை உயர்த்தாமல். "களவெடுத்தவனைப் பற்றிக் கேளுங்கோ."

அந்த உத்தியோகத்தர் புதுப் பக்கம் ஒன்றைப் புரட்டினார். பிறகு கடை எங்கே இருக்கிறது என்று கேட்டு எழுதத் தொடங்கினார்.

சில வாரங்களில் அந்தக் கடையில் வேலை செய்த ஒருவன் பிடிபட்டான். திருத்தக் கொடுத்த வேறு பெண்களின் போன்களிலிருந்து எடுத்த படங்களும் அவனுடைய கணினியில் இருந்தனவாம். அவர்களில் ஒருவரும் முறைப்பாடு கொடுக்க வரவில்லை. அதை நான் சிநேகிதியிடம் சொன்னபோது, "நானும் தனிய எண்டால் போயிருக்கமாட்டன்," என்றாள்.

வழக்கு இன்னும் முடியவில்லை. அவள் முன்பள்ளியிலேயே படிப்பிக்கிறாள். தவணை நாள்களில் தகப்பன் கடலுக்குப் போவதில்லை. மகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போய், அவளுடைய பெயரைக் கூப்பிடும்வரை பக்கத்தில் இருக்கிறார்.