காகிதப்பூவுக்குத் தண்ணி ஆகாது

செடி வெட்டுகிற வேலையில் முதலில் வெட்டுப்படுவது நம்ம கைதான். காகிதப்பூச் செடிக்குள் கையை விட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். முழங்கை வரைக்கும் கோடுகோடாக நீங்களும் வாங்கியிருப்பீர்கள். பொம்பளப்பிள்ளைக்கு எதுக்குக் கத்தரி என்று அம்மா சத்தம் போடப் போட, லீவு நாளெல்லாம் சித்தப்பாவோடு இந்த வேலைக்குப் போய்விடுவேன். எனக்கு இன்னொரு தொழிலும் உண்டு. யார் பேசினாலும் அப்படியே திருப்பிப் பேசிவிடுவேன். கழுகுமலை பஸ் கண்டக்டர், எங்கள் கெமிஸ்ட்ரி மிஸ், சித்தப்பா, சித்தப்பாவின் இருமல் எல்லாம் என் தொண்டைக்குள் இருக்கிறது. அந்தத் தொண்டையை வைத்து ஒரு பெரிய மனுசரை ஏமாற்றிய கதையைச் சொல்லப்போகிறேன். சிரிப்பு வரும். உடனே வராது, கொஞ்சம் பொறுங்க.

மொட்டை

காகிதப்பூவை வெட்டக் கூப்பிடுகிற யாருக்கும், வெட்டினால் பிடிக்காது. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி வீட்டில் ஒருநாள் பூத்து முடிந்த கொம்புகளைப் பாதியாகக் குறைத்து, பூக்காமல் வானத்தைப் பார்த்து நிற்கிற தடிக்கொம்புகளை அடியோடு எடுத்தோம். முதலாளி வீட்டு அக்கா வெளியே வந்து பார்த்து, இழவு வீட்டில் நிற்கிற மாதிரி நின்றார்கள்.

சித்தப்பா பக்குவமாகச் சொன்னார். புதுக்கொம்பில்தான் பூ வரும், அதனால் வெட்டணும். வெட்டின பிறகு தண்ணியை நிறுத்தணும். நம்ம கரிசல் மண் ஒருதடவை குடித்தால் லேசில் விடாது. அந்த ஈரம் இருக்கிற வரைக்கும் செடி இலையாகவே தள்ளும். மண் வெடிக்கிற அளவுக்குக் காயப்போட்டால், செத்துப்போவோமோ என்று பயந்து பூத்துவிடும். அக்கா எல்லாம் கேட்டுக்கொண்டு கடைசியில் கேட்டார்கள்: "அப்போ இம்புட்டு நாளும் இது சந்தோசத்துல பூக்கலையா, அண்ணாச்சி?"

கை அரிப்பு

பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர்டு ஆன பெரியப்பா ஒருத்தர் வீட்டுக்கு நாங்கள் வாடிக்கை. சொந்தப் பெரியப்பா இல்லை, நான் கூப்பிடுகிறதுதான். வாசலில் நிற்கிற காகிதப்பூ, அவர் சம்சாரம் பெரியம்மை வைத்தது. குழாயில் தண்ணி வருவதே அபூர்வமான ஊரில், பெரியப்பா வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தச் செடிக்குப் போவார். அடுப்படி ஜன்னலிலிருந்து பெரியம்மை குரல் வரும். "ஏங்க, எத்தன மட்டம் சொல்ல? அதுக்குத் தாகம் எடுக்கல, உங்களுக்குத்தான் கை அரிக்கு." பெரியப்பா வாளியோடு திரும்பிவிடுவார். மறுநாளும் அதே கதைதான்.

நான் சும்மா இருப்பேனா? ஏணி மேல் நின்று அதே குரலில் அதே ஏச்சை எடுத்துவிட்டேன். பெரியப்பா ஜன்னலைப் பார்த்தார். சித்தப்பா என்னை முறைத்தார். ஈரக் கையோடு வெளியே வந்த பெரியம்மை இன்னொருதடவை சொல்லச் சொல்லி, கண்ணில் தண்ணி வரச் சிரித்துவிட்டு, அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் கேட்டார்கள்: "ஏட்டி, நான் இம்புட்டுக் கடுசாவா ஏசுதேன்? பாவம்லா அவிய."

பிடுங்கச் சொல்லுதா

அந்த ஐப்பசி மழையில் பெரியம்மை காய்ச்சலில் படுத்தார்கள், எழுந்திரிக்கவில்லை. அதன்பின் எங்களைக் கூப்பிட அந்த வீட்டில் ஆள் இல்லை. மறு வருசம் ஆவணியில்தான் பெரியப்பா போன் போட்டார். போய்ப் பார்த்தால் செடி ஜன்னலை மூடி, கூரை வரை ஏறி நின்றது. முழுக்க இலை, பேருக்கு ஒரு பூ இல்லை.

வருசத் தெவசத்துக்கு பெங்களூரிலிருந்து மகள் வருகிறார்களாம். அந்த முள்ளைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் கார் நிறுத்த ஷெட் போடலாம் என்று போனிலேயே முடிவு பண்ணிவிட்டார்களாம். ஐப்பசிக்குள் பூக்குமா என்று பெரியப்பா கேட்டார். இன்றைக்கு வெட்டி, இன்றையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணி காட்டாமல் விட்டால் பூக்கும் என்று சித்தப்பா சொன்னார். பெரியப்பா சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பூத்து நிக்கதப் பாத்துட்டா, எம் மகளுக்குப் பிடுங்க மனசு வராது தம்பி."

செடிக்குள்ளே

புதுக்கொம்பைக் கிள்ளிவிட அடுத்த வாரம் போனோம். தூரில் கையை வைத்தால் சதசதவென்று ஈரம். சித்தப்பா கேட்டதற்கு, தெரியலையே என்று பெரியப்பா மேலே பார்த்தார், மழை பெய்த மாதிரி. சித்தப்பா டீ குடிக்கப் போன நேரம் அவர் வாளியோடு வந்தார். நான் செடிக்குப் பின்னால் சுவரோரம் குத்தவைத்திருந்தேன். செடியைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி தோன்றவில்லை. பெரியம்மை குரலை எடுத்தேன். "ஏங்க, எத்தன மட்டம் சொல்ல?"

வாளி கீழே விழுந்தது. நான் சிரிப்பை அடக்க முடியாமல் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டேன். பெரியப்பா செடியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "சரி, சரி. ஊத்தல."

தொண்டை

அதற்கடுத்த வாரமும் ஈரம். திரும்பவும் ஏசினேன், திரும்பவும் 'சரி, சரி'. புரட்டாசி முழுக்க இப்படியே போனது. அவருக்கு மறதி வந்துவிட்டது என்று நானாக முடிவு பண்ணிக்கொண்டேன். ஏசி ஏசிப் புதுசு புதுசாகவும் சேர்த்தேன். வேட்டி அழுக்கு, மாத்திரை போடாதது, சட்டைப் பொத்தான். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். செடி மட்டும் பச்சைப்பசேலென்று இலைவிட்டது.

தெவசத்துக்கு முந்தின வாரம் எனக்கே கோபம் வந்துவிட்டது. இன்றைக்குக் குரலும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், கையும் களவுமாகப் பிடித்து நேரிலேயே கேட்டுவிடுவோம் என்று செடிக்குப் பின்னால் பேசாமல் இருந்தேன். பெரியப்பா வந்தார். கொஞ்சம் ஊற்றிவிட்டு நின்றார். இன்னும் கொஞ்சம் ஊற்றினார். வாளி காலியானது. உள்ளே போய் இன்னொரு வாளி கொண்டுவந்தார். அதில் பாதியை ஊற்றிவிட்டு, நான் குத்தவைத்திருந்த பக்கமாகக் குனிந்து கேட்டார்: "ஏட்டி, தொண்டை சரியில்லையா ஒனக்கு? இன்னுங் கொஞ்சம் ஊத்துனா ஏசுவாளா?"

ஊரில் உள்ள குரலையெல்லாம் பிடிக்கத் தெரிந்த எனக்கு, முதல் நாளே அவர் என்னைப் பிடித்துவிட்டார் என்பது பிடிபட ஆவணி, புரட்டாசி ரெண்டு மாசமும் வேண்டியிருந்தது.