ஒட்டிக்கொண்ட ஹுஜூர்

டாலிகஞ்ச் சினிமா ஸ்டுடியோக்களில் எந்தப் படத்தில் வெள்ளைக்காரத் துரை வந்தாலும், அவர் பின்னால் தலைப்பாகையும் தட்டுமாக நிற்பவர் நிதாய் சாமந்தாதான். பாதி ஆயுசு அதிலேயே போய்விட்டது. அவருக்கு வாய்த்த வசனமும் ஒன்றே ஒன்று: "ஹுஜூர்." எஜமானே என்று அர்த்தம்.

இந்தத் தடவை அதிர்ஷ்டம் அடித்தது. நீலச் சாயத்துக்காக அவுரி விதைக்கச் சொல்லி அடித்த துரையைக் குடியானவர்கள் எதிர்த்து நின்ற கதை. நாவலாக வந்து பெரிய பேர் வாங்கியதாம். டைரக்டர் சௌம்யஜித் நிதாயின் முகத்தைப் பார்த்ததும், முதலில் எழுந்து நிற்கும் கிழவன் வேஷத்தைக் கொடுத்துவிட்டார். வசனம்: "அவுரி விதைக்க மாட்டேன்." மனைவி புதுல் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். நிதாய் குளிக்கும்போதுகூட அதையே சொல்லிப் பார்த்தார்.

வயலில் காமிரா ஓடியது. துரை வேஷக்காரர் பிரம்பை ஓங்கினார். நிதாய் நெஞ்சை நிமிர்த்தினார்.

"அவுரி விதைக்க மாட்டேன், ஹுஜூர்."

"கட்! நிதாய்தா, ஹுஜூர் கிடையாது. அந்த வார்த்தைய அந்தக் கிழவன் சொல்லாம விட்டுடுறான் பாருங்க, அதான் கதையே!" டைரக்டர் அவரை அண்ணன் முறைக்கு 'தா' சேர்த்துத்தான் கூப்பிடுவார்.

"தெரியுது சார். இந்தப் பாழாப்போன நாக்கு..."

மறுபடியும் ஹுஜூர். அதற்கடுத்தும் ஹுஜூர். ஒருமுறை வசனம் சுத்தமாக வந்து எல்லாரும் மூச்சுவிட்ட நேரத்தில், கடைசியில் மெல்ல ஒன்று ஒழுகியது. துரை வேஷக்காரர் சிரித்தே விட்டார். சந்தன்நகரில் கேக் கடை வைத்திருக்கும் அப்பாவி அவர்.

"என் மூஞ்சிய பாக்காம சொல்லுங்க நிதாய்தா."

நிதாய் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். இருட்டுக்கும் ஒரு ஹுஜூர் போட்டார். நாக்கை அறுத்து எறியலாம் போல ஆத்திரமாக வந்தது அவருக்கு.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. டைரக்டர் தலையில் கைவைத்து, "அடிமைப் புத்தி ரத்தத்துலயே ஊறிப்போச்சு!" என்று இங்கிலீஷில் கத்தினார். ஊறவைத்தது யார்? அந்த ஒரு சொல்லுக்குத்தானே இந்த சினிமாக்காரர்கள் இத்தனை காலமும் அவருக்குக் கூலி கொடுத்தார்கள்.

"வசனத்த வேற ஆளுக்குக் குடுங்க. இவரு பழையபடி தட்ட எடுத்துக்கட்டும்," என்றார் டைரக்டர்.

உதவி டைரக்டர் தட்டைக் கொண்டுவந்து நீட்டினார். நிதாய் அதைப் பார்த்தார்.

"எடுக்க மாட்டேன்."

கத்தவில்லை. பின்னால் ஹுஜூரும் இல்லை, சாரும் இல்லை.

டைரக்டர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "இதேதான்! இதே குரல்! நிதாய்தா, காமிராவ போடச் சொல்றேன், அவுரி விதைக்கன்னு மட்டும் மாத்தி அப்படியே இன்னொரு தடவ சொல்லுங்க!"

"மாட்டேன்," என்றார் நிதாய். தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். பாதி வழியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இனி யார் கூப்பிடப் போகிறார்கள்?

புதுல் வாசலிலேயே காத்திருந்தாள். "என்னங்க, பேசினீங்களா?"

"பேசினேன்," என்றார் நிதாய். "அப்போ காமிரா ஓடல."