கையெழுத்துக்கு விட்டிருந்த இடம்

வியாழன், காலை 7.10. சூரிச் விமான நிலையம்.

வெளியே வந்ததும் முதலில் கண்ணில் பட்டது பிரேமா. அவளுக்குப் பின்னால், நல்ல இருபதடி தள்ளி, பெட்டி வண்டிக்கான அறிவிப்புப் பலகையை ஏதோ பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்துக்கொண்டிருந்தார் அவள் கணவர் சேகர். இரண்டு பேரும் ஒரே விமானத்தில் கொலம்பஸிலிருந்து வந்தவர்கள்.

"சண்டையாடி?" என்றேன்.

"சண்டை போட்டாத்தான் பரவாயில்லையே," என்றாள்.

பிரேமா திருச்சியில் என்னோடு மூன்று வருடம் ஒரே விடுதி அறையில் இருந்தவள். இப்போது அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநர். சேகர் அட்டைப்பெட்டி செய்யும் சிறிய கம்பெனி வைத்திருக்கிறார், இருபது பேர் வேலை செய்கிறார்கள். அங்கே இரண்டு பெரிய கட்சிகளுக்கும் ஆளுக்கொரு நிறம் உண்டு. சேகர் சிவப்பு, பிரேமா நீலம். முன்பெல்லாம் அது அவர்கள் வீட்டில் கேலிக்கு உதவும் விஷயம். போன ஜனாதிபதித் தேர்தலிலிருந்து கேலி நின்றுவிட்டது.

மூவரும் சேர்ந்து சுற்றப்போகும் நான்கு நாளுக்கு ரயில், படகு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பயணச்சீட்டு, ஏறக்குறைய முந்நூறு ஃபிராங்க். ஒரு ஃபிராங்க் நூறு ரூபாய்க்கும் மேல். ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதில்லை என்று வீட்டிலேயே சபதம் எடுத்திருந்தேன். நிலையத்தில் ஒரு காபி ஐந்து ஃபிராங்க் இருபது என்றதும் சபதம் போயிற்று.

ரயில் ஏறி உட்கார்ந்து, சேகர் கழிவறைக்குப் போன நேரம் பார்த்து பிரேமா குரலைத் தாழ்த்தினாள். "திரும்பறப்ப எனக்கு பாஸ்டன் டிக்கெட், அவருக்கு கொலம்பஸ். பொண்ணோட ரெண்டு வாரம் இருந்துட்டு வர்றேன்னு சொல்லியிருக்கேன். வர்றதா இல்ல கோமதி. அங்கயே வேலை பாத்துட்டேன்."

முப்பத்தோரு வருடக் கல்யாணம். நான்தான் பட்டுப்புடவைக்குக் கொசுவம் வைத்துக் கட்டிவிட்டேன்.

வியாழன், காலை 10.30. துன்.

பெர்னில் மாறி, அங்கிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டர், இருபது நிமிடம். ஏரி முடிந்து ஆறு தொடங்கும் இடத்தில் இருக்கிற ஊர். தங்கும் வீட்டை சேகர் செல்பேசியில் தேடும்போது வீட்டுக்காரர் பெயர் தமிழாக இருந்ததால் பிடித்துப்போட்டாராம். இரண்டு அறை, இரவுக்கு நூற்று நாற்பது ஃபிராங்க். இந்த ஊருக்கு அது சலுகை.

வீட்டுக்காரர் தவம், ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் சமையல்காரர். மனைவி கலா, முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. யாழ்ப்பாணத்துக்காரர்கள். தவம் தொண்ணூறில் அகதியாக வந்தவர், இப்போது இருவரும் சுவிஸ் குடிமக்கள். "வாங்கோ வாங்கோ, சப்பாத்தை உதிலை விடுங்கோ. களைச்சுப்போயிருப்பியள்," என்று செருப்பு விடும் இடத்தைக் காட்டிவிட்டு கலா தேநீர் கொண்டுவந்தாள். எனக்கு உடனே பிடித்துவிட்டது. ஐந்து ஃபிராங்க் இருபது மிச்சம் என்பதும் ஒரு காரணம்.

வெள்ளி, மாலை 4.45. துன் ரயில் நிலையம்.

பகலெல்லாம் படகில் போனோம். ஓபர்ஹோஃபன் கோட்டை, அதற்கப்பால் பனி மலைகள். சேகரும் பிரேமாவும் என் வழியாகவே பேசினார்கள். "கோமதி, இங்க வரி எல்லாம் ஊருக்கு ஊரு அவங்களே போட்டுக்கறாங்க, மேலேருந்து ஒருத்தன் அதிகாரம் பண்றதில்லை, தெரியுமா?" என்பார் அவர். "கோமதி, இங்க மெடிக்கல் இன்சூரன்ஸ் இல்லாம ஒருத்தர்கூட இருக்க முடியாது, கட்டாயம். தெரியுமா?" என்பாள் இவள். "அதுவும் தனியார் கம்பெனிகிட்ட," என்பார் அவர். ஒரே சட்டத்தை நடுவில் கிழித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள்.

ரயில் நிலையத்தில் வேடிக்கை முற்றியது. துன் பட்டாளம் தங்கும் ஊர். வெள்ளிக்கிழமை சாயந்தரம் பயிற்சி முடிந்த இளைஞர்கள் முதுகில் துப்பாக்கியோடு வீட்டுக்கு ரயிலேறுகிறார்கள். ஒருவன் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தான்.

"பாத்தியா, துப்பாக்கியை வீட்டுக்கே எடுத்துட்டுப் போறான். என்ன கெட்டுப்போச்சு?" என்றார் சேகர்.

"உள்ள தோட்டா இல்ல. அதை வீட்டுக்குக் குடுக்கறதில்ல. அதையும் சொல்லு," என்றாள் பிரேமா. மூன்று நாளில் அவரைப் பார்த்து அவள் நேரடியாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான் என்று பிறகு சொன்னாள்.

ஊரில் அவர்கள் நிலைமையையும் கேட்டேன். எனக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும், அது என் சுபாவம். அவர்கள் ஊர் தமிழ்ச் சங்கம் பொங்கலை இரண்டாகக் கொண்டாடுகிறதாம். முட்டை விலை என்று யாராவது வாயெடுத்தால், அது யார் ஆட்சியில் ஏறியது என்று தொடங்கி விருந்து கலைந்துவிடுமாம். பிரேமா வாசலில் நட்ட கட்சிப் பலகையை யாரோ பிடுங்கி எறிந்தார்கள். சேகரின் காரில் யாரோ சாவியால் ஒரு கோடு இழுத்தார்கள், கதவிலிருந்து பின்சக்கரம் வரை. ஒரே வீட்டு வாசல், ஒரே வாரம். மகள் அப்பாவுக்கு போன் செய்து பல மாதமாகிறது.

நான் உச்சுக்கொட்டினேன். ஆனால் எங்கள் அடுக்ககத்தில் எதிர்வீட்டு ராமநாதன் சாரும் நானும் நான்கு வருடமாக ஒரே லிஃப்டில் ஏறுவதில்லை. அவர் கட்சி வேறு, என் கட்சி வேறு. நான் எந்த வாயால் அமெரிக்காவைக் குறை சொல்வது?

சனி, காலை 9.00. சாப்பாட்டு மேசை.

இடியப்பமும் சொதியும். சாப்பிட்டு முடித்த மேசையைத் துடைத்துவிட்டு கலா இரண்டு சாம்பல் நிற உறைகளைக் கொண்டுவந்து வைத்தாள். கூடவே சிவப்பு அட்டை போட்ட ஒரு சின்னப் புத்தகம்.

"அடுத்த ஞாயிறு வாக்கு. வருசத்திலை மூண்டு, நாலு தரம் வரும்," என்றார் தவம். "ஆளைத் தெரிவு செய்ய இல்லை, கேள்விக்கு ஓமோ இல்லையோ எண்டு. இந்தப் புத்தகத்திலை ரெண்டு பக்க ஞாயமும் போட்டிருக்கும்."

இந்த முறை ஒரு கேள்வி, வெளியிலிருந்து வந்து குடியேறுகிறவர்களின் தொகைக்கு வரம்பு கட்டலாமா என்பது. தவம் ஒளிக்காமல் எங்கள் முன்னாலேயே 'ஆம்' என்று எழுதினார்.

பிரேமாவால் பொறுக்க முடியவில்லை. "நீங்களே அகதியா வந்தவர்தானே?"

"ஓம், வந்தனான்தான். அப்ப வீடு இருந்தது. இப்ப என்ரை மகனுக்கு இந்த ஊரிலை ஒரு வீடு எடுக்கேலாமல் கிடக்கு. ஒரு வீட்டைப் பார்க்க அறுபது பேர் வரிசையிலை நிக்கினம்."

"ஏறி வந்த ஏணியை உதைக்கிறார்," என்றாள் கலா, தன் தாளில் 'இல்லை' என்று அழுத்தி எழுதியபடி. "என்ரை தங்கச்சி குடும்பம் இன்னும் தற்காலிக அனுமதியிலைதான் இருக்கு. இது வெண்டால் அவைக்கு என்ன நடக்குமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அது தெரிஞ்சும் எழுதுறார் பாருங்கோ."

"தெரிஞ்சுதான் எழுதுறன்."

கலாவின் முகம் சிவந்திருந்தது. இது நிஜமான கோபம், விருந்தாளிகளுக்காகப் போடும் நாடகமில்லை. வாக்குத்தாளைச் சின்ன உறைக்குள் வைத்து, அதையும் வாக்காளர் அட்டையையும் பெரிய உறைக்குள் வைக்க வேண்டும். தவம் தன்னுடையதைச் செருகிவிட்டு, "ஒட்டி வையும், போகேக்க போடுவம்," என்று குளிக்க எழுந்தார்.

கலா அவருடைய உறையை எடுத்தாள். அதில் ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னல், அதன் வழியே அட்டை தெரிகிறது. ஒரு நொடி பார்த்தாள். பிறகு அட்டையை வெளியே இழுத்து மேசையில் தட்டினாள்.

"இஞ்சேருங்கோ. கையெழுத்து வைக்கேல்லை."

தவம் திரும்பி வந்தார். கையெழுத்துக்கான கோடு வெறுமையாக இருந்தது. "அட, ஓம்," என்று நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

"போடாட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"வாக்கு செல்லாது."

"அப்ப நீங்க சொல்லாம இருந்திருந்தா...?"

கலா என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "சொல்லாமல் எப்பிடி அக்கா இருக்கிறது? பிறகு முடிவு வாற அண்டைக்கு நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது?"

சேகர் வாய்விட்டுச் சிரித்தார். பிரேமா சிரிக்கவில்லை. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து, செருப்பை மாட்டி, வெளியே போய்விட்டாள்.

சனி, காலை 10.15. ஆற்று மதகுப் பாலம்.

துன்னில் ஆற்றின் மேல் கூரை வேய்ந்த பழைய மரப்பாலம் ஒன்று உண்டு. கீழே மதகுகள், தண்ணீர் அடங்காமல் பாய்கிறது. அங்கே பிரேமாவைப் பிடித்தேன்.

"போன எலெக்‌ஷன்ல ரெண்டு பேருக்கும் இதே மாதிரி வீட்டுக்கே ஓட்டுக் கவர் வந்துச்சு," என்றாள். "அவர் நிரப்பி என்கிட்டக் குடுத்து போட்டுடச் சொன்னார். கையெழுத்துப் போட மறந்துட்டார். நான் பாத்தேன் கோமதி. பாத்துட்டு அப்படியே கொண்டுபோய்ப் பெட்டியில போட்டேன். சரிபண்ணச் சொல்லி தேர்தல் ஆபீஸ்லேருந்து லெட்டர் வந்துச்சு. அதைக் குப்பைத் தபாலோட தூக்கிப் போட்டுட்டேன்."

"அடிப்பாவி."

"அவருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. தன் ஓட்டும் சேந்துதான் ஜெயிச்சதுன்னு நெனைச்சு அன்னிக்கு டான்ஸ் ஆடினார். நான் அவர்மேல கோவத்துல பேசாம இருக்கேன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. எனக்கு அவர் மூஞ்சியப் பாக்க முடியலடி."

ஒரு வாக்கு இல்லாததால் அங்கே எதுவும் மாறவில்லை, அவர் கட்சிதான் வென்றது. அதைச் சொல்லித் தேற்ற வாயெடுத்தேன், முடியவில்லை. எனக்கு வேறொரு ஞாபகம் வந்துவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அப்போதைக்கு நல்லவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அவர்கிட்டச் சொல்லிடு," என்றேன்.

எதிர்க்கரையில் தவமும் கலாவும் ஆளுக்கோர் உறையோடு நகரசபைப் பெட்டியை நோக்கிப் போனார்கள். இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை, கலாவின் கைகள் காற்றில் பறந்தன.

ஞாயிறு, காலை 8.30. ரயிலில்.

பெர்ன் தாண்டியதும் பிரேமா கையெழுத்து விஷயத்தைச் சேகரிடம் சொன்னாள். என்னை எழுந்து போகவிடாமல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

சேகர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "லெட்டரும் வந்துச்சா?"

"வந்துச்சு."

எழுந்து போய் ரயில்பெட்டியின் கதவோரம் நின்றுகொண்டார். வெளியே பசு, சர்ச், பசு, தொழிற்சாலை. ஓல்டன் நிலையம் வந்து போனது. சூரிச் வந்து போனது. மனிதர் திரும்பவில்லை. காபி வண்டி வந்தபோது ஐந்து ஃபிராங்க் கொடுத்து எனக்கு மட்டும் ஒன்று வாங்கிக்கொண்டேன். குடிக்கப் பிடிக்கவில்லை.

விமான நிலையத்தில் பாஸ்டன் விமானம் முதலில். பாதுகாப்புச் சோதனை வரிசை ஆரம்பிக்கும் இடத்தில் சேகர் அவளுடைய இரண்டு பெரிய பெட்டிகள் போன திசையைப் பார்த்தார்.

"செப்டம்பர்ல சுவிட்சர்லாந்துக்கு எதுக்கு நாலு குளிர்க் கோட்டு? எனக்குக் கணக்குத் தெரியாதா?" என்றார். "நீ பண்ணினது ரொம்பத் தப்பு பிரேமா. எனக்குக் கோவம் இன்னும் போகல. எப்பப் போகும்னு தெரியல."

அவள் தலையாட்டினாள்.

"அடுத்த மாசம் மறுபடியும் கவர் வரும். நான் மறுபடியும் மறப்பேன். முப்பது வருஷமா பேங்க் செக்குல கையெழுத்து மறந்தா நீதானே பாக்கற. நீ வீட்ல இரு."

"நீ மறுபடியும் அவங்களுக்குத்தானே போடுவ?"

"ஆமா."

பிரேமா அழுதாள். வரிசையில் பின்னால் நின்றவர் ஜெர்மனில் ஏதோ சொல்லிவிட்டு எங்களைச் சுற்றிக்கொண்டு போனார். அவள் பாஸ்டனுக்கே போனாள், பெட்டிகள் ஏறிவிட்டன. அவர் கொலம்பஸுக்குப் போனார்.

புதன், திருச்சி.

ஊர் வந்து சேர்ந்த மறுநாள் பிரேமாவிடமிருந்து செய்தி: 'ரெண்டு வாரம். அப்புறம் கொலம்பஸ். கவர் வர்றதுக்குள்ள போயிடணும்.'

இப்போது என் கதை. போன தேர்தலுக்கு முன் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாக்காளர் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். என் பெயரைத் தேடியபோது ராமநாதன் சாரின் பெயர் இல்லாததைப் பார்த்தேன். பெயர் சேர்க்க இன்னும் பத்து நாள் இருந்தது. எதிர்க்கதவு, ஆறடி தூரம். நான் சொல்லவில்லை. தேர்தலன்று அவர் வெயிலில் வரிசையில் நின்று, பெயர் இல்லை என்று திரும்பி வந்தார். லிஃப்ட் வாசலில் "அடடா" என்றேன். நான்கு வருடத்தில் அவரிடம் நான் பேசிய ஒரே சொல் அது.

சுவிட்சர்லாந்தில் என்ன பார்த்தாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். மலை, ஏரி, ரயில் எல்லாம் படத்தில் இருக்கிறபடியேதான் இருக்கின்றன. நான் பார்த்தது, கோபத்தில் முகம் சிவந்த ஒரு பெண் தனக்கு எதிரான வாக்கை மேசையில் எடுத்துப் போட்டுத் தட்டியதை.

சாயந்தரம் தாலுகா அலுவலகத்தில் வாங்கிவந்த, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் ஆறை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு மணியை அடித்தேன். ராமநாதன் சார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"போன தடவை உங்க பேரு லிஸ்ட்ல இல்லைங்கறது எனக்கு முன்னாடியே தெரியும் சார்," என்றேன். "வேணும்னுதான் சொல்லல."

அவர் என்னை உள்ளே வரச் சொல்லவில்லை. படிவத்தை வாங்கி, வாசலில் நின்றபடியே மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"கையெழுத்து எங்க போடணும்?"

இடத்தைக் காட்டினேன்.